பெயர் சொல்லி அழையுங்கள்!

முட்டுக்காட்டிலே உப்பங்கழி கடலைச் சேரும் முகத்துவாரம் உண்டு. மணல்திட்டு வளர்ந்து அதன் வாயை அடைத்துவிட்டால் உள்ளே நீர் தேங்கும். மனிதர் வாயும் அப்படித்தான், தோழர்களே!

அந்த முட்டுக்காடு செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். செங்கற்பட்டு என்றதும் 1929 பிப்ரவரி 17, 18 நாட்கள் நினைவில் எழுகின்றன. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது அங்கேதான். பெயரின் பின்னே ஒட்டிய சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது அது. பெண்ணுக்கும் ஆணுக்கு நிகராகச் சொத்துரிமை கேட்டது. என் பெயரை நானே முடிவு செய்வேன், அதை மதித்து அழை! மானத்தின் முதற்பாடம் அதுவன்றோ!

அந்தப் பாடம் இன்று கல்லூரி வகுப்பறைக்குத் தேவை. பேராசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறார். தாம் துறந்த ஆண்பெயர் ஒலிக்கக் கேட்கிறார் ஒரு திருநங்கை மாணவி. பின்வரிசையிலே சிரிப்பு. அன்று முதல் அவர் ஐயம் கேட்கவும் எழுவதில்லை. பறிபோனது யாருடைய பேச்சுரிமை?

பழமை பேசுவோர் பழந்தமிழையே புரட்டட்டும்! தொல்காப்பியச் சொல்லதிகாரம் இவர்களை உயர்திணையில் வைத்தது. 1871-இல் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டமோ, இவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வழிசெய்தது. 2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் கண்டது. தம் பாலினத்தைச் சொல்லாலும் உடையாலும் வெளியிடுவது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையில் அடங்கும் என்று 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல், தன்பாலின இணையர் வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞரிடம் பாடம் கேட்டபின் ஆணை வழங்கினார். நீதிபதி மாணவராகலாம், பேராசிரியர் ஆகலாகாதா?

“என் கருத்தைச் சொல்ல எனக்கு உரிமையில்லையா?” என்பர். உண்டு! பால் என்பது யாது, சட்டம் சரிதானா என்று வகுப்பிலே வாதிடட்டும், மாணவர் மறுத்துரைக்கட்டும். அமெரிக்காவின் ஒகையோவில், மாணவியைப் பெண்ணென விளிக்க மறுத்த பேராசிரியர் தம் பல்கலைக்கழகத்தின்மீது வழக்கை நடத்த, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடம் தந்தது. சட்டம் போடும் கோடு நாட்டுக்கு நாடு மாறலாம். பண்பின் கோடு மாறுமோ? கருத்தை மறுப்பது உரிமை. எதிரே நிற்பவரின் பெயரையே மறுப்பது ஆணவம்.

சாதிப் பட்டத்தால் அழைத்தவரைத் திருத்திய மரபு நம்முடையது. பக்கத்து இருக்கைத் தோழியை அவர் பெயரால் அழைக்க நாமே தயங்கினால், செங்கற்பட்டின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன தகுதி? மணலை அகற்றுவோம், நீர் ஓடட்டும்!