விளிம்பு கூறும் சாட்சியம்

அஞ்செட்டியில் வாழும் நண்பர் ஒருவர், தம் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட வெள்ளிக் காசொன்றை நம் கையில் தந்தார். திப்பு சுல்தான் காலத்து ‘இமாமீ’ என்னும் ரூபாய் அது. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தமையால், இத்தகைய காசு இங்கிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதன் விளிம்பு இரண்டு இடங்களில் குறைந்திருந்தது. பழங்காசு வாங்கும் வணிகர் ஒருவர் அதைக் கண்டு, “வெட்டிய காசு” என்று சொல்லிவிட்டாராம். காசு மாற்றும் சராப்புத் தொழில் செய்த தம் பாட்டனார்மீதே பழி விழுந்துவிட்டதென நண்பர் வருந்தினார்.

அது சிறிய பழியன்று. காசின் மதிப்பு அதன் வெள்ளி எடையில் இருந்த காலத்தில், விளிம்பைச் சீவி எடுத்துக்கொண்டு, எஞ்சியதை முழுக் காசாகச் செலவிடுவது களவேயாகும். தம் பொருளில் தாம் நாடியவாறு செய்வோம் என்று நபி ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தார் வாதிட்டதை ஹூத் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர்கள் திர்ஹங்களைச் சீவியதையே அது குறிக்கும் என விரிவுரையாளர் சிலர் விளக்கினர். புழக்கத்திலுள்ள நாணயத்தைத் தக்க காரணமின்றிச் சிதைப்பதைத் தடுக்கும் நபிமொழியும் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. இங்கிலாந்தில் 1696இல் பழைய வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சிட நேர்ந்ததற்கும் இந்தச் சீவலே பெருங்காரணம். விளிம்பில் வரிகள் அமைக்கும் வழக்கமும் இதைத் தடுக்கவே பரவியது.

எனினும் குறைந்த விளிம்பெல்லாம் வெட்டிய விளிம்பாகாது. கையால் அடித்த காசில், அச்சு தகட்டினும் பெரிதாயிருந்தால் ஓர எழுத்து பதியாமலே போகும். வெட்டு கூர்மையான முனையை விடும். தேய்வோ மழுங்கிய வளைவை விடும்.

நண்பரின் காசை வெளிச்சத்தில் திருப்பினோம். உச்சியில் வளையம் பற்றவைத்த சிறு தழும்பு இருந்தது. அதன் இடமும் வலமும் விளிம்பு வழவழவெனத் தேய்ந்திருந்தது. அடிப்புறம் முழுமையாக இருந்தது. பாட்டனாரின் கத்தரி செய்த வேலையன்று இது. காசுமாலையில் கோக்கப்பட்டுப் பக்கத்துக் காசுகளோடு நெடுங்காலம் உரசியதன் அடையாளம். பாட்டியார் அணிந்த மாலை ஒன்று பின்னர் பிரிக்கப்பட்டதை அப்போதுதான் நண்பர் நினைவுகூர்ந்தார்.

அருகிலிருந்த அவர் மகன், விளிம்பை அரத்தால் ஒழுங்குசெய்தால் நல்ல விலை கிடைக்குமே என்றான். நாம் தடுத்தோம். இதுவரை எவரும் செய்யாத குற்றத்தை அந்த அரம் இன்று செய்துவிடும். பாட்டனாருக்காகப் பேசும் ஒரே சாட்சியையும் அழித்துவிடும். விற்பதாயின், குறையை வாங்குவோரிடம் கூறியே விற்க வேண்டும் என்பதே மார்க்கத்தின் விதி.

அக்காசின் நடுவே ‘ஆதில்’ என்னும் சொல் தெளிவாக இருக்கிறது. நீதியாளர் என்பது அதன் பொருள். சான்றைப் பாராமல் மறைந்தோர்மீது தீர்ப்புரைப்போருக்கும் அச்சொல்லில் பாடம் உண்டு.