வளைந்த ஆணி

கட்டட இடிபாடுகளைப் பற்றிய பேச்சு இன்று கரியமில வாயுவோடு சேர்த்தே நடக்கிறது. அது பொறியாளர்களின் துறை என்று இலக்கியம் படித்த நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இடித்ததைக் கொண்டு மீண்டும் கட்டுவதற்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. அதன் சிறியதொரு அத்தியாயம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் நிகழ்ந்தது.

1922 மே மாதம் அழகம்மாள் மறைந்தபோது மலையின் தென்புற அடிவாரத்தில் சமாதி அமைந்தது. அதன்மேல் எழுந்தது ஓர் ஓலைக் கொட்டகை. அவ்வாண்டின் இறுதியில் ரமணர் ஸ்கந்தாசிரமத்திலிருந்து இறங்கிவந்து அங்கேயே தங்கிவிட்டார். ஆசிரமத்தின் தொடக்கம் அவ்வளவுதான். கோசாலையும் உணவுக்கூடமும் பின்னர் வந்தவை. 1928இல் வந்து சேர்ந்த அண்ணாமலை சுவாமி அப்பணிகளை மேற்பார்த்தார். எதை எங்கே எப்படிக் கட்டுவது என்று ரமணரே அவருக்குச் சொல்லிவந்தார்.

அவருடைய நினைவுகளை டேவிட் காட்மன் 1994இல் நூலாக்கினார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தரையில் கிடந்த, துருவேறி வளைந்த ஆணியொன்றைத் துலக்கி நிமிர்த்திப் பயன்படுத்துமாறு ரமணர் கூறுகிறார். புதிய ஆணிகள்தாம் நிறைய வந்திருக்கின்றனவே என்கிறார் இவர். அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அச்சிடப்படாத தாள்துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடாக்கியவர் ரமணர் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. இதை வைத்து அவரைச் சூழலியலாளர் என்று சொல்லப் புறப்படுவது அபத்தம். ஒரு பொருளை அதன் பயன் முடியும்முன் எறிவது அக்காலத்தில் பலருக்கும் கூச்சம் தந்த செயல். அவரிடம் அக்கூச்சம் சற்றுக் கூர்மையாக இருந்தது என்று மட்டும் கொள்ளலாம்.

அக்கூச்சத்துக்குத் துணைநின்றது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவரை இடித்தால் சாந்து உதிரும், கல் முழுதாகக் கைக்கு வரும். கொத்தனார் அதைத் தட்டித் துடைத்து அடுத்த சுவரில் வைப்பார். சிமெண்டுச் சாந்தோ பெரும்பாலும் செங்கல்லைவிட வலியது. இடிக்கும்போது கல்தான் உடைகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டால் கரியமில வாயு வெளியேறும். ஆனால் சாந்து இறுகும்போது அதில் கணிசமான பகுதியைக் காற்றிலிருந்து மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். (சூளைக்கு எரித்த விறகின் கணக்கு வேறு, பழமையைப் போற்றுவோர் அதைச் சொல்வதில்லை.) சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் உருவாகும்போது சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டுமே ஏறத்தாழ அரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது, எரிபொருளின் புகை அதற்குமேல். உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே உடைந்த சுவரைக் குப்பை என்று தள்ளும்போது, அதற்காக ஏற்கெனவே வானில் விட்ட புகையையும் வீணாக்குகிறோம். புதிய சுவருக்காக இன்னொரு முறை புகை விடுகிறோம்.

மறுபயன்பாடு என்றாலே புண்ணியம் என்றும் எண்ணிவிடக் கூடாது. செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய பத்தாம் நூற்றாண்டில், திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டினார்கள். கல் போனாலும் அதிலிருந்த சொல் போகக் கூடாது என்ற கவலை அது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது நடந்தது இதற்கு நேர்மாறானது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்து அணைக்குக் கல் எடுத்தார்கள். தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவு கூறுகிறது. சிக்கனம் என்று பார்த்தால் அதைவிடச் சிறந்த சிக்கனம் இல்லை!

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று இடிபடுபவை பெரும்பாலும் தனி வீடுகள். தேக்கு நிலைக்கும் கதவுக்கும் கம்பிக்கும் வாங்க ஆளுண்டு. எஞ்சும் கான்கிரீட் துண்டுகளுக்கு இல்லை; நம் ஊர்களில் அவை போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஏரிக்கரையோ ஓடையோதான். மலையிலிருந்து இறங்கும் மழைநீரை நம்பி வாழும் ஊருக்கு ஓடை அடைபடுவது சிறிய செய்தி அன்று.

இக்கழிவுக்கென்றே நடுவண் அரசு 2016இல் விதிகள் வகுத்தது. கழிவைத் தரம்பிரித்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், கட்டுபவரே கழிவின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அப்பொறுப்பு 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானங்களுக்கே உரியது. செங்கம் சாலையோரத்து வீடுகளை ஒரு நூறு சேர்த்துக் கணக்கிட்டால் ஒருவேளை அந்த அளவு தேறலாம். அவை இடிபடுவதோ ஒவ்வொன்றாக.