'த்ரீ டே'வா, 'த்ரீ டேஸ்' ஆ? ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' எப்போது வரும்?

"மூணு நாள் லீவு வேணும்." தமிழில் இதைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. இதையே மேனேஜருக்கு ஆங்கிலத்தில் மெயில் போடும்போதுதான் கை நின்றுவிடுகிறது. 'டே'வா, 'டேஸ்' ஆ?

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழில் எண்ணே பன்மையைச் சொல்லிவிடும். 'ரெண்டு இட்லி', 'பத்து ரூபாய்' என்றால் போதும். அஃறிணைப் பெயருக்கு 'கள்' கட்டாயமில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. எண்ணக்கூடிய பொருள் ஒன்றுக்கு மேல் போனால் 'டூ லேப்டாப்ஸ்' என்றுதான் எழுத வேண்டும்.

எப்போது 'எஸ்' வராது?

எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக நின்றால் வராது. 'எ டென்-மினிட் பிரேக்', 'எ ஃபைவ்-இயர் பிளான்'. நடுவில் சிறு கோடு போட மறக்காதீர்கள்.

அப்போ லீவுக்கு? 'எ த்ரீ-டே லீவ்' சரி. 'த்ரீ டேஸ் லீவ்' என்பதும் சரிதான். ஆனால் 'டேஸ்' முடிந்ததும் அபாஸ்ட்ரஃபி வேண்டும். ரெஸ்யூமேயில் 'ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதற்கும் இதே விதி. வம்பே வேண்டாம் என்றால் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிவிடுங்கள்.

நூறு, ஆயிரம்?

முன்னால் எண் இருந்தால் 'ஃபைவ் ஹண்ட்ரட் யூசர்ஸ்'. இங்கே 'ஹண்ட்ரட்' மாறாது. 'நூற்றுக்கணக்கான' என்று பொதுவாகச் சொன்னால் 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் யூசர்ஸ்'.

பூஜ்யமும் தசமமும்?

இரண்டுக்கும் பன்மைதான்: 'ஸீரோ எரர்ஸ்', '1.5 ஹவர்ஸ்'. ஒன்றரை மணி நேரம், இரண்டைத் தொடவில்லையே என்று நினைக்கலாம். ஆனாலும் ஆங்கிலத்தில் அது 'ஹவர்ஸ்'தான்.

'இஸ்' ஆ, 'ஆர்' ஆ?

மொத்தமாக ஒரே தொகையைச் சொல்கிறீர்களா? ஒருமை போடுங்கள்: 'டென் தௌசண்ட் ருபீஸ் இஸ் எனஃப்'. 'ஒன் ஆஃப் மை கொலீக்ஸ்' என்றால் சக ஊழியர்கள் பலர். ஆனால் நீங்கள் பேசுவது ஒருவரைப் பற்றி. எனவே 'இஸ்'. 'தி நம்பர் ஆஃப் யூசர்ஸ்' என்பது எண்ணிக்கை, அதற்கும் 'இஸ்'. 'எ நம்பர் ஆஃப் யூசர்ஸ்' என்றால் 'பலர்', அதற்கு 'ஆர்'.

அடுத்த முறை ரெஸ்யூமே அனுப்பும் முன் அதில் இருக்கும் எண்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பெயரா, அடைமொழியா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தவறு பிடிபட்டுவிடும்.