அழுத்த உணரி: மலைப்பகுதியில் அளவுத்திருத்தமும் பழுதறிதலும்

அழுத்த உணரி என்பது நீர், காற்று, நீராவி போன்றவற்றின் அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் கருவி. தொழிற்கூடங்களில் இதன் முழு வடிவத்தைப் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் என்பர். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அழுத்தத்தில் வளைகிறது. பல உணரிகளில் அந்த வளைவு மின்தடை மாற்றமாக அளக்கப்பட்டு 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டமாக வெளிவருகிறது. கொல்லிமலை போன்ற உயரமான இடத்தில் இதை நிறுவுவோர் முதலில் கேட்க வேண்டியது, கருவி எதைப் பூஜ்யமாகக் கொள்கிறது என்பதையே.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமானது. மலை ஏறினால் காற்றழுத்தம் குறையும் என்பதை 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பிரான்சின் பியூ தெ டோம் மலையில் பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். தர வளிமண்டலக் கணக்கில் 200 மீட்டர் உயரத்தில் 990 ஹெக்டோபாஸ்கலாக உள்ள அழுத்தம் 1,200 மீட்டரில் 877 ஆகிறது. இந்த வேறுபாடு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்மட்டத்துக்குச் சமம். எனவே அடிவாரத்துக் காற்றை உள்ளே அடைத்து மூடிய உணரி, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்ததும், திறந்தவெளியிலேயே பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 0.11 பார் காட்டும். அது பழுதன்று. வெளிக்காற்றோடு தொடர்புள்ள கேஜ் வகை உணரியில் இந்தச் சிக்கல் இல்லை. வெற்றிடத்தை அடிப்படையாகக் கொண்ட அப்சொல்யூட் வகையைக் கிணற்றில் இறக்கினால், அங்கேயே அளந்த காற்றழுத்தத்தைக் கழிக்க வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் எண் பொதுவாகக் கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதைக் கழித்தால் நீர்மட்டம் தவறிவிடும்.

அளவுத்திருத்தத்துக்கு, திருத்தப்படும் உணரியைவிடத் துல்லியமான, புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை தொடர்பு காட்டக்கூடிய சான்றிதழ் பெற்ற மானி தேவை. உணரியைப் பொருத்தும் நிலையிலேயே வைத்து, 0, 25, 50, 75, 100 விழுக்காட்டில் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பதிய வேண்டும். 0–10 பார் உணரி 5 பாரில் 12 மில்லியாம்பியர் தரவேண்டும். பம்பு அடித்தவுடன் காற்று சூடேறியிருக்கும். எண் நிலைக்கும்வரை பொறுக்காமல் எழுதுவது பரவலான தவறு. எடைக்கற்களின் பாரத்தால் அழுத்தம் உண்டாக்கும் சோதனைக்கருவியில் மற்றொரு நுட்பமும் உண்டு: கொல்லிமலையில் புவியீர்ப்பு, தர மதிப்பான 9.80665ஐவிட 0.25 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. இதைத் திருத்தாவிட்டால், 0.1 விழுக்காடு துல்லியமுள்ள நல்ல உணரியே கெட்டதாகத் தோன்றும்.

பழுது என்று சந்தேகம் எழுந்தால் ஜீரோ திருகைத் தொடுவதற்கு முன் வால்வை மூடி, உணரியைக் காற்றுக்குத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது கேஜ் உணரி சரியான பூஜ்யம் காட்டினால், குறை பெரும்பாலும் இணைப்புக் குழாயில் இருக்கும்: சேறு அடைத்திருக்கும், அல்லது காற்றுக்குமிழி சிக்கியிருக்கும். மின்னோட்டமே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கலாம், மின்வழங்கல் நின்றிருக்கலாம். பனிமூட்டமுள்ள மலையில் கேஜ் உணரியை வெளிக்காற்றோடு இணைக்கக் கேபிளுக்குள் செல்லும் காற்றுக்குழலில் ஈரம் தேங்குவது தனிக்கவலை. அது அடைபட்டால் கிணற்றில் நீர் அசையாதபோதும் உணரி காட்டும் மட்டம் ஏறி இறங்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். மோட்டார் திடீரென நிற்கையில் எழும் நீரடி சவ்வை நிரந்தரமாக வளைத்துவிடும். அப்படிப்பட்ட உணரியின் பூஜ்யத்தைத் திருத்தினாலும் மேல்முனை அளவுகள் பொருந்தா. ஐந்து புள்ளிகளிலும் மறுசோதனை செய்து, தவறினால் மாற்றுவதே முறை.