மையவாடியும் அரசு உரிமமும்

மய்யித்தை நல்லடக்கம் செய்வது நம்மீது ஃபர்ளு கிஃபாயா. அக்கடமை நிறைவேறும் நிலத்திற்கும் அரசு உரிமம் உண்டென்பதை நம்மில் பலர் அறிந்திலோம்.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வழக்கிலிருந்த இடுகாடுகளைப் பதிவு செய்யவும், புதியவற்றுக்கு உரிமம் பெறவும் பணித்தது. விருதுநகரும் சிவகாசியும் அச்சட்டத்தின்கீழ் வளர்ந்த நகரங்களே. 2023இல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அதனிடத்திற்கு வந்தது. கிராமங்களுக்கு 1999ஆம் ஆண்டு ஊராட்சி விதிகள் உள்ளன: உரிமமின்றிப் புதிய இடுகாடு கூடாது, குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்திற்கும் 90 மீட்டருக்குள் அடக்கம் கூடாது. 2023இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் இவ்விதிகளை உறுதிப்படுத்தியது.

எனினும், அடக்கப் பணிக்கும் மய்யித்தைக் கொண்டுசெல்வதற்கும் 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. அரசு இங்கே முதன்மையாகக் கேட்பது பணமன்று, பதிவே.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணத்தை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கடந்தால் தாமதக் கட்டணமுண்டு. பட்டாசு ஆலை விபத்தில் கணவரை இழந்த சகோதரி நிவாரணம் கோரும்போது முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழே. ஆதலால், மையவாடியின் ஆவணங்களையும் அடக்கப் பதிவேட்டையும் அமானிதமாகப் பேணுவோம். ஜனாஸாவைச் சுமந்த தோள்களுக்கு இதுவும் கடமையே.