ரேணிக் காட்டின் கணக்கு

1893-ம் வருஷம் செப்டம்பர் மாதம் இமயமலையில் ஒரு மலையின் பக்கம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. பத்ரிநாத் யாத்திரை போய் வந்தவர்களுக்கு அலகநந்தா நதியைத் தெரிந்திருக்கும். அதில் வந்து கலக்கும் சிற்றாறுகளில் பிரேஹி கங்கை என்று ஒன்று. கௌனா என்னும் ஊருக்கு அருகே அந்த ஆற்றின் குறுக்கே மலை சரிந்து, சுமார் 900 அடி உயரத்துக்குத் தானாகவே ஓர் அணையைக் கட்டிவிட்டது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியாகப் பெருகத் தொடங்கியது.

இந்த அணை நிற்காது, ஒரு நாள் உடையத்தான் போகிறது என்று என்ஜினீயர்கள் கண்டுகொண்டார்கள். எப்போது உடையும் என்பதுதான் கேள்வி. மழை எவ்வளவு, ஏரிக்கு வரும் நீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தண்ணீர் வழியும் என்று சொன்னார்கள். குருக்ஷாங்க் என்ற ராணுவ என்ஜினீயர் ஏரிக்கரையிலேயே தங்கினார். ஏரியிலிருந்து ஹரித்வார் வரை தந்திக் கம்பி போட்டார்கள். பள்ளத்தாக்கில் இருந்த தொங்கு பாலங்களைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று மலைச்சரிவில் அடையாளம் வைத்து, ஜனங்கள் அதற்கு மேலே போய்விட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

1894-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி தண்ணீர் வழிந்தது. அன்று இரவே அணை உடைந்தது. கட்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, இது வேறு) அடியோடு போயிற்று. ஆனால் உயிர்ச்சேதம்? ஐந்தே பேர். ஒரு பக்கிரியும் அவனுடைய குடும்பத்தாரும். அவர்களைக் கூட அப்புறப்படுத்தித்தான் இருந்தார்கள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளைக்கார சர்க்காரைப் புகழ்வதற்காக நான் இந்தக் கதையைச் சொல்ல வரவில்லை. மனம் வைத்தால் ஒரு சர்க்காருக்குத் தண்ணீரின் கணக்குத் தெரியும் என்பதைக் காட்டத்தான் சொன்னேன். தண்ணீரை அவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்ட அதே மலையில், மரத்தை வெட்டும்போது மட்டும் அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை. அதன் விளைவுதான் ரேணி என்ற சிற்றூரின் சரித்திரம்.

முதலில் காடு யாருடையது என்று பார்ப்போம். 1878-ம் வருஷத்து இந்திய வனச் சட்டத்துக்குப் பிறகு நாட்டின் காடுகளில் பெரும்பகுதி ஒவ்வொன்றாக 'ரிசர்வ்' காடுகளாயின. தலைமுறை தலைமுறையாகப் புல் அறுத்து, சுள்ளி பொறுக்கி, ஆடு மேய்த்த காட்டில் மலைக் குடியானவன் அனுமதியோடுதான் நுழைய வேண்டும் என்றாயிற்று. அவன் சும்மா இருக்கவில்லை. 1921-ல் குமாவூன் பக்கத்தில் பைன் மரக் காடுகளுக்கே தீ வைத்துத் தன் கோபத்தைக் காட்டினான். சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு விசாரித்துச் சில காடுகளின் மேலிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

வனத்துறை அதிகாரிகள் காட்டைப் பற்றிக் கவலையே படாதவர்கள் என்று சொன்னால் அது அநியாயம். அவர்கள் திட்டம் போட்டுத்தான் வெட்டினார்கள். எந்தப் பகுதியில் எந்த வருஷம் எத்தனை மரம், எவ்வளவு பருமனுக்கு மேல் இருந்தால் வெட்டலாம், மறுபடி எப்போது முளைக்கும் என்றெல்லாம் ஏட்டில் எழுதி வைத்தார்கள். ரயில் பாதைக்குக் கட்டை எவ்வளவு, பைன் பிசின் எவ்வளவு, ஏலத்தில் வந்த வருமானம் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. ஆனால் மேலே மரம் போனால் கீழே ஓடை என்ன ஆகும், ஓடைக்குக் கீழே வயல் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் ஏடு மாறவில்லை. எழுதுகிற கை மட்டும்தான் மாறியது.

1962-ல் சீன யுத்தம் வந்தது. எல்லைக்குப் படைகள் போவதற்காக மலையைக் குடைந்து ரோடு போட்டார்கள். ராணுவ லாரி போன ரோட்டிலேயே பின்னால் மர லாரியும் போயிற்று. அதுவரை மனிதன் கால் வைக்கச் சிரமப்பட்ட காடுகள் எல்லாம் சமவெளிக் காண்டிராக்டர்களின் ஏலத்துக்கு வந்துவிட்டன.

1970-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி அலகநந்தாவில் பெருவெள்ளம் வந்தது. பேலாகூச்சி என்ற கடைத்தெருவே போயிற்று. யாத்திரிகர்களின் பஸ்கள் அடித்துச் செல்லப்பட்டன. 1894-ல் உடைந்தது போக மிஞ்சி, அழகான ஏரியாக இருந்த கௌனா ஏரி மண்ணாலும் கல்லாலும் தூர்ந்து போயிற்று. எத்தனையோ மைலுக்கு அப்பால், ஹரித்வாரில் தொடங்கும் கங்கைக் கால்வாயில் வண்டல் வந்து அடைத்துக்கொண்டது. அந்த வண்டல் வேறொன்றுமில்லை, மலையின் மேல்மண்தான்.

கோபேஷ்வர் என்னும் ஊரில் சண்டி பிரசாத் பட் என்பவரும் அவருடைய சர்வோதய நண்பர்களும் 1964-ல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் என்று பெயர். வெள்ள நிவாரணத்துக்குப் போன இவர்கள் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. எந்தச் சரிவில் மரம் அதிகமாக வெட்டப்பட்டிருந்ததோ, அந்தப் பக்கத்தில்தான் சேதமும் அதிகமாக இருந்தது.

இது எப்படி என்று சற்று விளக்கினால் நல்லது. காட்டில் மழை நேராக மண்ணில் விழுவதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, கீழே கிடக்கும் சருகு மெத்தையில் இறங்கி, வேர் போட்ட வழிகளில் மண்ணுக்குள் போகிறது. வேர்கள் சரிவின் மண்ணைத் தைத்துப் பிடித்திருக்கின்றன. மரத்தை வெட்டினால் அன்றைக்கே மலை சரிந்துவிடாது. வேர் அழுகச் சில வருஷங்கள் ஆகும். அதற்குள் காண்டிராக்டர் பணத்தை எண்ணிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறான். வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிக்கொண்டு வரும்போது மண்ணில் பள்ளம் விழுகிறது. அடுத்த மழைக்கு அதுவே ஓடையாகிறது. லாபம் வருவது ஒரு வருஷத்தில், நஷ்டம் வருவது இன்னொரு வருஷத்தில். லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் வேறொருவனுக்கு. இந்த இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

1973-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஏர், நுகத்தடி முதலிய சாமான்கள் செய்ய ஆஷ் மரம் சில வேண்டும் என்று தசோலி சங்கத்தார் வனத்துறையைக் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. அதே சமயம் மண்டல் என்ற ஊர்க் காட்டில் அதே ஜாதி மரங்களை, டென்னிஸ் மட்டை போன்ற விளையாட்டுச் சாமான்கள் செய்யும் சமவெளிக் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தார்கள். உழுகிறவனுக்கு இல்லை, விளையாடுகிறவனுக்கு உண்டு! மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வோம், வெட்டுவதானால் எங்களையும் சேர்த்து வெட்டுங்கள் என்று ஜனங்கள் தீர்மானித்தார்கள். அதிலிருந்துதான் 'சிப்கோ' என்ற பெயர் வந்தது. ஒட்டிக்கொள் என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் ரேணியின் முறை. ரிஷி கங்கையின் கரையில் இருக்கும் அந்த ஊருக்கு மேலே உள்ள காட்டில் ஏறக்குறைய 2,500 மரங்கள் ஏலம் போயிருந்தன. 1974-ம் வருஷம் மார்ச் 26-ந் தேதி ஊரில் ஆண்களே இல்லை. யுத்த காலத்தில் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு நஷ்ட ஈடு தருகிறோம் என்று கூப்பிட்டதால் எல்லோரும் சமோலிக்குப் போய்விட்டார்கள். சண்டி பிரசாத் பட்டும் வன அதிகாரிகளோடு பேசிக்கொண்டு கோபேஷ்வரில் இருக்க நேர்ந்தது. அந்த நாள் பார்த்துக் காண்டிராக்டரின் ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள்.

ஒரு சிறு பெண் அவர்களைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கௌரா தேவியிடம் சொன்னாள். கௌரா தேவிக்கு அப்போது வயது ஐம்பதை எட்டும் சமயம். இளம் வயதிலேயே விதவையானவர். படிப்பு இல்லை. ஊர் மாதர் சங்கத்துக்குத் தலைவி. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்த பெண்களும் சிறுமிகளுமாக 27 பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். இந்தக் காடு எங்களுக்குத் தாய்வீடு, இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள் வீட்டின் மேல் விழும் என்று அந்த ஆட்களிடம் எடுத்துச் சொன்னார். வந்தவர்களில் குடித்திருந்தவர்களும் இருந்தார்கள், ஏசினார்கள், துப்பாக்கியைக் காட்டினார்கள். பெண்கள் நகரவில்லை. இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

புக்ககத்துப் பெண்ணுக்குத் தாய்வீடு என்ற சொல்லின் கனம் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கௌரா தேவி சொன்னதில் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் போனால் எந்த மண் எந்தக் கூரையின் மேல் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போது உத்தரப் பிரதேசத்தின் முதல் மந்திரி ஹேமவதி நந்தன் பகுகுணா. அவரும் கட்வாலில் பிறந்தவர். விஷயத்தை ஆராய ஒரு கமிட்டி போட்டார். டில்லியைச் சேர்ந்த தாவர சாஸ்திரி வீரேந்திர குமார் அதற்குத் தலைவர். கமிட்டி என்றால் விஷயத்தைக் கிடப்பில் போட ஒரு வழி என்று நாம் சிரிப்பது வழக்கம். இந்தக் கமிட்டி இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது வாஸ்தவம். ஆனால் 1976-ல் அது கொடுத்த அறிக்கை, படிக்காத அந்தப் பெண்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டது. ரேணிக் காட்டில் மட்டும் அல்ல, அலகநந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டரில் பத்து வருஷத்துக்கு வியாபார வெட்டு கூடாது என்று முடிவாயிற்று. 1985-ல் அந்தத் தடையை நீட்டினார்கள். இதற்கிடையில் 1981-ல், அந்த மலைப் பிரதேசத்தில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது.

இத்துடன் கதையை முடித்துச் சுபம் போட்டிருக்கலாம். ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் நாவலாசிரியனுக்குள்ள அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கமிட்டிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. வெட்டியதற்குப் பின் உள்ள நிலைமையை அது பார்த்தது. வெட்டுவதற்கு முன் ஓடை எப்படி ஓடியது என்று அளந்து வைத்த ஏடு இல்லை. அப்படி அளக்க முடியுமா என்று கேட்டால், முடியும். அமெரிக்காவில் கொலராடோ மலையில் வாகன் வீல் கேப் என்ற இடத்தில், அதுவும் சர்க்கார் காட்டில், 1910-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஓடைகளை எடுத்துக்கொண்டு, மரத்தைத் தொடாமலே பல வருஷங்கள் தண்ணீரை அளந்தார்கள். 1919-ல் ஓர் ஓடையின் மேலே இருந்த காட்டை மட்டும் வெட்டினார்கள். 1926 வரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெட்டிய பக்கம் வண்டல் கூடியது. தண்ணீரும் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. மரமும் தண்ணீர் குடிக்கிறது அல்லவா? காடு அழிந்தால் ஆறு வற்றும் என்று எல்லா இடத்துக்கும் ஒரே சூத்திரம் சொல்ல முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு மலைக்கும் அதன் கணக்கை அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடை உத்தரவு காண்டிராக்டரை நிறுத்தியது. கூடவே மலை ஜனங்களுக்கும் சங்கடம் தந்தது. 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்தினால், ஊருக்கு ரோடு, பள்ளிக்கூடம் என்று எது கேட்டாலும், நாலு மரம் நிற்கிறது என்று காரியம் தடைப்படுகிறதே என்று அதே மலைக்காரர்கள் குறைப்பட்டார்கள். அவர்கள் கேட்டது பூட்டு அல்ல. சாவியில் ஒரு பங்கு.

கௌரா தேவி 1991-ல் காலமானார். 2021-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி, ரேணிக்கு மேலே ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஒரு பெரும் துண்டு இடிந்து விழுந்து, ரிஷி கங்கையில் சேறும் கல்லுமாகப் பாய்ந்தது. ஊரை ஒட்டிக் கட்டியிருந்த நீர்மின் நிலையம் இருந்த இடம் தெரியவில்லை. அதிலும் கீழே தபோவனத்தில் கட்டிக்கொண்டிருந்த நிலையத்திலுமாக இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வெள்ளத்துக்கு மரம் வெட்டியது காரணம் அல்ல. அதை மறைத்துப் பேசினால் கௌரா தேவிக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் மலையை வெடி வைத்துத் தகர்ப்பதைப் பற்றி ரேணிக்காரர்கள் 2019-லேயே ஹைகோர்ட்டுக்குப் போய் முறையிட்டிருந்தார்கள். மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்கு இருந்தது. அவ்வளவு இடுக்கான பள்ளத்தாக்கில், அவ்வளவு பெரிய சிகரத்தின் அடியில், எத்தனை பேரை வேலைக்கு நிறுத்தலாம் என்ற கணக்கை யார் எழுதினார்கள்?

1894-ல் ஏரிக்கரையில் தங்கிய என்ஜினீயர் தண்ணீர் கீழே யார் வீட்டுக்குப் போகும் என்று பார்த்தார். 1974-ல் கௌரா தேவி மண் கீழே யார் வீட்டுக்கு வரும் என்று பார்த்தார். இருவரும் செய்தது ஒரே காரியம்தான். ஏலச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கீழே குடியிருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ரேணியில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வைப்பதற்கு, 27 பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுக் காட்டில் ஓர் இரவு குளிரில் நிற்க வேண்டியிருந்தது.