பொன்னும் ஒளியும்: உருவத்திலிருந்து அருவத்திற்கு

பொன்னைச் செல்வம் என்று எண்ணுவது உலகியல்பு. தமிழர் அதனை ஒளி தங்கும் இடமாகவும் எண்ணினர். தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையைப் பொன்னால் வேய்ந்தவன் முதலாம் பராந்தக சோழன் (907–955) எனச் சோழர் செப்பேடுகள் புகலும். அவ்வம்பலத்தினுள்ளேயே, கூத்தப்பெருமானின் திருவுருவுக்கு அருகில் ஒரு திரை தொங்குகிறது. திரை விலகினால் அங்கே உருவம் ஏதும் இல்லை. பொன்னாலான வில்வ இலை மாலைகளே காட்சி தருகின்றன. சிதம்பர இரகசியம் என்று நாம் வழங்குவது இதனையே. ஒரே கூரையின்கீழ் உருவமும் அருவமும் அருகருகே நிற்க, அருவத்திற்கு அடையாளமாகப் பொன் அமைந்தமை ஈண்டு நினையத்தக்கது.

இதனை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஜங்லிகாட்டில் வாழும் நம் இல்லங்கள் சிலவற்றில் பூசையறைச் சுவரைத் தஞ்சாவூர் ஓவியம் அணிசெய்கிறது. அத்தகைய இல்லமொன்றில் பிள்ளைகளுள் ஒருவர் உருவமே இன்றி, மஞ்சளும் செம்மையும் பரப்பிய ஓர் ஓவியத்தைத் தீட்டினால், "இதில் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் வினவுவது இயல்பே. கடல் கடந்து வந்தோம். மரபும் கைநழுவிப் போகிறதோ என்னும் அச்சம் அவ்வினாவில் மறைந்துள்ளது. அவ்வச்சத்திற்கு வரலாறு தரும் விடை யாது?

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்தில், பலகைப் படம் எனப்படும் தஞ்சாவூர் ஓவியம் செழித்தது. பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் அணிகலன்களையும் மண்டபத்தையும் மேடாக எழுப்பி, அவற்றின்மேல் பொன் தகட்டைப் பதிப்பர். மேடு எதற்கு? எண்ணெய் விளக்கின் சுடர் அசையுந்தோறும் மேட்டின் விளிம்புகளில் ஒளி இடம் மாறும். இருண்ட பூசையறையில் படம் உயிர்பெறும். செல்வத்தைக் காட்டுதல் மட்டும் அப்பொன்னின் தொழிலன்று. சிறு சுடரைப் பெருக்கித் தருவதும் அதன் தொழிலே.

உருவத்தைக் கடந்து ஒளியை மட்டுமே நாடும் வழியும் நம் நாட்டில் உண்டு. 1872-இல் வடலூரில் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் அமைந்திருப்பது சோதி. வழிபாட்டில் நிகழ்ந்த இது, பின்னர் வேறொரு வழியில் ஓவியத்திலும் நிகழ்ந்தது.

சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைத் தீட்டினார். மனித உருவம் முதன்மை இழந்து, சாதகக் கட்டங்களும் எழுத்துப் போன்ற கோடுகளும் அதில் இடம்பெற்றன. 1966-இல் அவர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றிற்று. அக்கலைப்பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008) முதலில் கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால் புகழ் பெற்றவர். காந்தியடிகளை அவர் வரைந்த வரிசையையும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த படங்களையும் நம்மவர் பலர் அறிவர். அத்தகைய கோட்டு வல்லுநரே பின்னாளில் கோட்டையும் உருவத்தையும் விடுத்து, வண்ணப் பரப்புகளால் மட்டுமே ஒளியைக் காட்ட முனைந்தார். உருவம் வரைய இயலாமையால் எவரும் அருவத்தை நாடுவதில்லை என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

நாகபுரியில் பிறந்த வி. எஸ். கைதொண்டே (1924–2001) ஜென் நெறியில் ஈடுபாடு உடையவர். உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தைப் படலம் படலமாக இட்டும் நீக்கியும் தீட்டினார். பொன் தகடு தன்மேல் விழும் ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பும். மெல்லிய வண்ணப் படலமோ ஒளியை உள்ளே விடும். அது அடித்தளத்தைத் தொட்டு, நிறமேறித் திரும்பும். ஆதலின் முன்னது மின்னுகிறது. பின்னது உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுகிறது. முன்னதன்முன் நாம் கைகூப்புகிறோம். பின்னதன்முன் பேசாது காத்திருக்கிறோம். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்களுக்கென்றே 1971-இல் ஹூஸ்டன் நகரில் ஒரு தியானக்கூடம் திறக்கப்பட்டமையும் இக்காத்திருப்பின் பொருட்டே.

இவ்வோவியர்கள் தில்லைத் திரையைக் கண்டுதான் தீட்டினர் என்பது நம் கருத்தன்று. எனினும் தில்லையைக் கண்ட கண்களுக்கு அவர்தம் ஓவியம் அயலாகத் தோன்ற வேண்டியதில்லை. திரைக்குப்பின் உருவம் காணாதபோதும் ஒன்றுமில்லை என்று நம் முன்னோர் திரும்பிவிடவில்லை, அங்கும் வணங்கினர். பூசையறைப் பலகைப் படமும் பிள்ளையின் மஞ்சள் ஓவியமும் ஒரே சுவரில் இடம்பெறட்டும். மாலைக் கதிர் ஜங்லிகாட்டுக் கடல்மேல் பரவும் பொழுதில் உருவம் ஏதும் இல்லை. ஆயினும் அதனை நின்று பார்க்கிறோம் அன்றோ? அவ்வாறே அப்பிள்ளையின் ஓவியத்தையும் சிறிது நேரம் நின்று பார்ப்போமாக.